மூன்றாம் மாடியில் அன்று யார் இருந்தார்கள்

காலை ஆறரை மணி. ஜன்னலுக்கு வெளியே ஏரி இன்னும் கறுப்பாகக் கிடந்தது. மூன்றாம் மாடியின் பதினோராம் அறையில் நானும் மார்லிஸும் நூற்றிருபது கிலோ எடையுள்ள ஒரு மனிதரை இடப்பக்கம் புரட்டி, அவருக்கடியில் நனைந்திருந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தோம். என் இடுப்பு விண்ணென்று தெறித்தது. வெந்நீரில் பிழிந்த துணியால் அவர் முதுகைத் துடைத்து, மடிப்புகளுக்குள் ஈரம் தங்காமல் ஒற்றியெடுத்தேன். வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. புண் வரப்போகிறது என்று அர்த்தம். அதை எழுதிவைக்க வேண்டும். எழுத உட்காருவதற்குள் பன்னிரண்டாம் அறையில் மணி அடித்தது.

"மில்லுக்காரரே, அவர் மனுஷன். காகித உருளை இல்ல. கொஞ்சம் மெதுவாத் தொடைங்க" என்றாள் மார்லிஸ்.

"உனக்கென்னம்மா, பதினேழு வருஷம் ஆகாசத்துல வேர்க்கடலை நீட்டின கை. பூ மாதிரிதான் இருக்கும்."

"பூவா? கதவைத் திறக்கப் போன குடிகாரனை இந்தக் கையாலதான் ஒருதரம் சீட்டுல அமுக்கி உக்கார வெச்சேன். ஞாபகம் வெச்சுக்குங்க."

நாங்கள் பதினான்கு பேர். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கி, ஒரு வேலை பார்த்து, அந்த வேலை போய், அல்லது அந்த வேலையிலிருந்து உயிர் பிழைத்து வந்து, ஒரே வருஷத்தில் நர்சிங் பட்டம் வாங்கச் சேர்ந்தவர்கள். நான் அர்வித் லாஹ்தி, நாற்பத்தேழு வயது. காகித மில்லின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் கூழின் ஈரத்தை அளந்தவன், மில்லை மூடிவிட்டார்கள். மார்லிஸ் ட்வெய்ட் விமானப் பணிப்பெண். ஒரு பயணத்தில் ஒருவர் அவள் கைகளிலேயே இறந்துபோனார். அன்று பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து அவர் நெஞ்சை அழுத்திய நர்ஸைப் பார்த்த பிறகு, கோப்பை நீட்டுவது அவளுக்குப் போதவில்லை. ஹோதான் வர்சாமே நீதிமன்றத்தில் சோமாலி மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மற்றவர்களில் வங்கிக்காரர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், கணக்கு வாத்தியார் எல்லாம் உண்டு. நாலு வருஷப் படிப்பைப் பன்னிரண்டு மாதத்தில் திணித்தால் எப்படியிருக்கும்? மூச்சு முட்டும். முட்டியது. அந்தப் பிப்ரவரி மாதத்தில் எங்களுக்கு இன்னும் ஏழு வாரம்தான் பாக்கி.

செவ்வாயும் வியாழனும் வார்டில் பயிற்சி. பதினான்கு பேருக்கும் ஒரே ஆசிரியை, லெனோர் பிராண்ட்வோல்ட். ஏழு பேர் மூன்றாம் மாடியில், ஏழு பேர் நான்காம் மாடியில். 'பயிற்சி ஆசிரியை மாணவர்கள் இருக்கும் அதே மாடியில் இருக்க வேண்டும்' என்று கல்லூரியின் விதிப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒரு மனுஷி இரண்டு மாடியில் எப்படி இருப்பாள்? படிக்கட்டில் ஏறி ஏறி இறங்கினாள், பாவம். அவளுக்கும் ஆறு மாத ஒப்பந்தம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன்பு லிஃப்டிலிருந்து நாங்கள் இறங்கியபோது ரொஷெல் போலியூ கோட்டை மாட்டிக்கொண்டு எதிரே நின்றாள். அந்த மாடியில் பதினெட்டு வருஷமாக நர்ஸ்களுக்கு உதவியாளராக இருப்பவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவளும் அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும்தான்.

"வந்துட்டாங்கய்யா ஓசிக் கைங்க" என்றாள்.

"என்ன ரொஷெல், கிளம்பிட்டீங்க?" என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"கிளம்பலப்பா, கிளப்பி விட்டாங்க. செவ்வாய், வியாழன் வந்தா எங்க மூணு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிடறாங்க. படிக்கிற பிள்ளைங்க வந்து சும்மாவே குளிப்பாட்டுதுங்களே, எங்களுக்கு எதுக்குக் கூலி? நல்லா படிங்க. நல்லா இருங்க."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் ஒன்பது பேரைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது, மறந்துபோனேன். அதுதான் உண்மை, மறந்துதான் போனேன்.

பதினான்காம் அறையில் ஓர்வில் ஸ்டென்மன் இருந்தார். எண்பத்தொரு வயது. ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களில் முப்பது வருஷம் சமைத்தவர். போன வாரம் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. தொண்டையும் பாதி விழுந்துவிட்டது. தண்ணீரை அப்படியே குடித்தால் அது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மாவு கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கரண்டியில் கொடுக்க வேண்டும். கட்டில் தலைமாட்டில் மஞ்சள் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது. எட்டு மணிக்கு மார்லிஸ்தான் அப்படிக் கலக்கி, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அவர் முகத்தைச் சுளித்து, "இதைக் கப்பல்ல வெச்சிருந்தேன்னா என்னைத் தூக்கி ஏரியில போட்டிருப்பானுங்க" என்று குழறிச் சொன்னதை அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

பத்து மணிக்கு அவள் கையில் நான்கு அறைகள் இருந்தன. பதினாறில் ஒரு அம்மாளைக் கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போய், பாதி வழியில் பன்னிரண்டின் மணி அடித்து, அந்த அம்மாளை உட்கார வைத்துவிட்டு ஓடினாள். வழியில் பதினான்கிலிருந்து குரல்.

"மிஸ், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? தயவுசெஞ்சு."

நான் நடைவழியில் அழுக்குத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மார்லிஸ் எதிரே வந்தாள். கையில் பிளாஸ்டிக் தம்ளர், அதில் பனிக்கட்டி போட்ட தண்ணீர், தம்ளருக்கடியில் வெள்ளைக் காகிதத்துணி ஒன்று முக்கோணமாக மடித்து வைத்திருந்தாள். நடையே மாறியிருந்தது. குறுகலான வழியில் யார் தோளிலும் இடிக்காமல் போகிறவளின் நடை.

"ஜன்னலோர சீட்டுக்கா?" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பதினான்குக்குள் போனாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அந்தத் தம்ளரில் கெட்டியான தண்ணீர் இல்லை, பனிக்கட்டி குலுங்குகிற பச்சைத் தண்ணீர் என்று என் கண் பார்த்தது. என் மூளைக்கு எட்டவில்லை. இருபது அடி போயிருப்பேன். இருமல் கேட்டது. அதைச் சாதாரண இருமல் என்று சொல்ல முடியாது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஈரமான ஒரு சத்தம், பிறகு மார்லிஸின் அலறல்.

"லெனோர்! யாராவது வாங்க! யாராவது!"

நான் ஓடிப்போனபோது அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தாங்கியிருந்தாள். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் ஒருத்தி பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து குழாய் வைத்து உறிஞ்சினாள். நான்காம் மாடியில் ஒரு மாணவர் ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லெனோர் வந்து சேர ஒன்பது நிமிஷம் ஆனது. மார்லிஸ் யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்: "நான் தண்ணி கொடுத்தேன். வெறும் தண்ணி. நான்தான் கொடுத்தேன்."

சம்பவப் படிவத்திலும் அதையே எழுதினாள். ஒரு எழுத்துக்கூட மழுப்பவில்லை. பிறகு துணி வைக்கும் அறைக்குள் போய் மடித்த போர்வைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். நான் தோளைத் தொட்டேன்.

"காலையில அட்டையைப் படிச்சேன் அர்வித். நோட்டுல எழுதி ரெண்டு தடவை அடிக்கோடு போட்டேன். அவர் 'மிஸ்'னு கூப்பிட்டார். தயவுசெஞ்சுன்னார். என் கை போயிடுச்சு. பதினேழு வருஷமா போன கை, தானாப் போயிடுச்சு" என்றாள்.

ஓர்வில் ஸ்டென்மனை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. சனிக்கிழமை மத்தியானம் இறந்துபோனார். நல்ல மனிதர். எனக்கு அவரைத் தெரிந்தது மொத்தமே இரண்டு நாள்.

திங்கட்கிழமை கல்லூரி இயக்குநர் டாக்டர் ஹௌகன் எங்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். மாணவர் பிரதிநிதி என்பதால் முதல் அழைப்பு எனக்கு. மேஜையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

'செவ்வாய்க்கிழமை காலை பயிற்சி ஆசிரியை மாணவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தார். மாணவி மார்லிஸ் ட்வெய்ட் அவரைக் கேட்காமல் தன்னிச்சையாக நடந்துகொண்டார்.' கீழே பதினான்கு கையெழுத்துக்கு இடம்.

"லெனோர் நாலாவது மாடியில இருந்தாங்க, டாக்டர்" என்றேன்.

"கூப்பிட்டீங்க. வந்தாங்க இல்ல?"

"வர ஒன்பது நிமிஷம் ஆச்சு."

"வந்தாங்கன்னா கூப்பிடு தூரம்தானே?" அவர் குரல் உயரவேயில்லை. "அர்வித், நீங்க யாரும் பதினெட்டு வயசுப் பசங்க இல்ல. பெரிய வேலைகள் பார்த்துட்டு வந்தவங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகத் தேவையில்லாதவங்கன்னுதான் ஆஸ்பத்திரி உங்களை விரும்பி எடுத்துக்குது. இந்தத் திட்டத்தோட பெருமையே அதுதான்."

"மார்லிஸ் என்ன ஆவா?"

"வெள்ளிக்கிழமை விசாரணை. நீக்கம்தான். நோயாளிக்கு ஆபத்து விளைவிச்சவங்கன்னு சான்றிதழ்ல வரும்."

"அப்படி வந்தா வேற எந்த நர்சிங் பள்ளியிலயும் சேர்த்துக்க மாட்டாங்களே."

"அதை அவங்க தம்ளரை எடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்." ஒரு கோப்பைப் புரட்டினார். "உங்களுக்கு ஒரு நாள் ஆப்சென்ட் இருக்கு போல."

எங்கள் படிப்பில் பயிற்சிக்கு இரண்டு நாள் வராவிட்டால் ஆட்டம் முடிந்தது. வருஷம் முழுக்க முதலிலிருந்து.

"ஜனவரியில கார் கிளம்பல, டாக்டர். ராத்திரி இன்ஜின் உறையாம வெச்சிருக்கற ஹீட்டர் வயர் கழண்டுடுச்சு. மைனஸ் முப்பது."

"எல்லாருக்கும்தான் மைனஸ் முப்பது" என்றார். பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டார்.

நான் போட்டேன். ஆமாம், போட்டேன். நாற்பத்தேழு வயதில் இன்னொரு மில் மூடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முதல் கையெழுத்து என்னுடையது. அதைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் ஐந்து பேர் போட்டார்கள்.

ஏழாவதாக உள்ளே போன ஹோதான் போடவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் என் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு புகையாக வந்தது.

"போட்டுட்டியா?"

நான் கையிலிருந்த கார்ச் சாவியைப் பார்த்தேன்.

"கோர்ட்டுல பதிமூணு வருஷம் நின்னவ நான். பொய் சாட்சி சொல்றவன் எல்லாரும் இப்படித்தான் சாவியைப் பார்த்துட்டு நிப்பான். வண்டியில ஏறு. ரொஷெல் வீட்டுக்குப் போறோம்."

"ரொஷெலா? அவளுக்கு நம்மளைக் கண்டாலே ஆகாதே."

"அவதான் கூப்பிட்டா. மார்லிஸையும் கூட்டிட்டு வரச் சொன்னா."

ரொஷெலின் சமையலறை சின்னது. பிற்பகல் வெளிச்சம் பனியில் பட்டு உள்ளே வந்தது. காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. எங்களில் ஒன்பது பேர், உதவியாளர்கள் மூன்று பேர். உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றோம். மார்லிஸ் கோட்டைக் கழற்றாமல் மேஜை ஓரத்தில் இருந்தாள். ஆறு நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

ரொஷெல் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஓர்வில் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணி கேப்பார், தெரியுமா? நான் குச்சியில பஞ்சைச் சுத்தி, ஐஸ் தண்ணியில நனைச்சு உதட்டையும் நாக்கையும் தொடைச்சு விடுவேன். 'போதும் பொண்ணே'ம்பார். அரை மணி தாங்கும். ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். இது எந்த அட்டையிலயும் எழுதல. என் தலையில இருந்துச்சு. என் தலையை அன்னிக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

மார்லிஸ் தலையை ஆட்டினாள். "வேண்டாம் ரொஷெல். எதுக்கு இதெல்லாம்? கொடுத்தது நான். அவர் செத்தது என்னால. நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன். அந்த மனுஷன் சாவை வெச்சு நீங்க யாரும் போராட்டம் நடத்தாதீங்க. அசிங்கமா இருக்கு."

ரொஷெல் எழுந்து அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உன் தப்பு உன்னோடதுதான்" என்றாள் ரொஷெல். "அதை உன்கிட்டேருந்து பிடுங்க நான் வரல. சாகற வரைக்கும் நீதான் சுமக்கணும், சுமந்துக்கோ. ஆனா நான் அந்த மாடியில இருந்திருந்தா, நீ தம்ளரோட வரும்போதே 'ஏய், யாருக்குடீ அது?'ன்னு கேட்டிருப்பேன். தப்பு கதவுகிட்டயே நின்னிருக்கும். அந்த இடத்துல ஆள் இல்லாமப் பண்ணது யாரு? அது உன் தப்பு இல்ல. அதையும் சேர்த்து நீயே தூக்கிட்டுப் போனேன்னா, அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு ஓர்வில் சாவார். இன்னொருத்தி உன்னை மாதிரி உக்காந்து அழுவா."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அந்த இடத்துல நான் இருந்தேன்" என்றேன். "தம்ளரைப் பார்த்தேன். ஐஸ் கிடந்ததைப் பார்த்தேன். கேலி பண்ணிட்டுப் போயிட்டேன். இதை நான் எந்தப் படிவத்துலயும் எழுதல. இன்னிக்கு லெனோர் பக்கத்துலயே இருந்தாங்கன்னு கையெழுத்தும் போட்டுட்டேன். முதல் ஆளா."

முகங்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மார்லிஸ் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க வண்டியைத் தள்ளிட்டிருந்தீங்க அர்வித். உங்களுக்கும் ஒன்பது பேர் இருந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் கைக்குட்டையைத் தேடினேன், இல்லை. ரொஷெல் மேஜைத் துணியை எடுத்துத் தந்து, கூடவே ஒரு கிண்ணம் சூப்பையும் என் முன்னால் வைத்தாள்.

"அழுதுட்டுச் சாப்பிடு. ஆறிடும்."

விசாரணையைக் காட்டி மறுநாள் செவ்வாய்ப் பயிற்சியை ரத்து செய்திருந்தார்கள்; அடுத்த பயிற்சி நாளான வியாழக்கிழமை என்ன செய்வது என்று பேசினோம். வேலையை நிறுத்துவது என்று வங்கிக்காரர் சொன்னார். ரொஷெல் பாய்ந்தாள்: "படுக்கையில மலத்தோட கிடக்கறவங்களை விட்டுட்டா? உன் பேங்க் கவுன்ட்டர் இல்லய்யா அது, மூடி வைக்கறதுக்கு." சாயங்காலம் வரை பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நோயாளியை யாரும் கைவிடக்கூடாது. ஆனால் மாணவர் யாரும் தனியாக எந்த அறைக்குள்ளும் நுழைவதில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னால் உதவியாளர்கள் போவதில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டு பேர், ஒரு உதவியாளர், ஒரு மாணவர்; உதவியாளர் இல்லாத இடத்தில் இரண்டு மாணவர்கள். வராத மற்ற ஐந்து பேரை ஹோதான் தொலைபேசியில் பிடித்தாள். மூன்று பேர் உடனே சரி என்றார்கள். ஆர்கன் வாசித்தவர் ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "எனக்கும் ஆப்சென்ட் ஒண்ணு இருக்கு. பரவால்ல, வர்றேன்" என்றார். கணக்கு வாத்தியார் மட்டும் எடுக்கவே இல்லை.

மார்லிஸுக்கு வார்டில் கால் வைக்க அனுமதியில்லை. "என்னால யாரும் படிப்பை இழக்க வேண்டாம்" என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனாள்.

வியாழன் காலை ஆறேகால். வார்டு மேற்பார்வையாளர் வழக்கம்போல ரொஷெலிடம் வந்து, "நீங்க மூணு பேரும் போகலாம்" என்றார். அவள் கோட்டைக் கழற்றி மாட்டியில் மாட்டினாள்.

"பதினொண்ணுல புண் வருது. அவரை ரெண்டு மணிக்கொருதரம் புரட்டணும். நான் போகல."

"கூலி கிடையாது, சொல்லிட்டேன்."

"அதை அப்புறம் பேசலாம். அர்வித், வா. நீ காலைப் பிடி."

நான் காலைப் பிடித்தேன். புரட்டும்போது இடுப்பை எப்படி மடக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்கு யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். பத்து மாதப் படிப்பில் முதல் தடவை.

நாலாவது மாடியிலும் இதேதான். அங்கே கணக்கு வாத்தியார் வந்து நின்றதாக ஹோதான் பிறகு சொன்னாள். எட்டு மணிக்கு டாக்டர் ஹௌகன் பனி ஒட்டிய காலணியோடு வந்து நடைவழியின் நடுவில் நின்றார்.

"இது பயிற்சி இல்ல. இது கீழ்ப்படியாமை. இப்பவே அவங்கவங்க அறைக்குத் தனியாப் போகாதவங்க எல்லாருக்கும் இன்னிக்கு ஆப்சென்ட்."

யாரும் நகரவில்லை. பதினாறில் மணி அடித்தது.

"அந்த அம்மாவுக்குக் கழிப்பறைக்குப் போகணும், டாக்டர்" என்றாள் ரொஷெல். "நடத்திக் கூட்டிட்டுப் போக ரெண்டு பேர் வேணும். நான் ஒருத்தி. ஆசிரியை எங்க? இல்ல, நீங்களே வர்றீங்களா?"

அவர் காலணியில் ஒட்டிய பனியைத் தரையில் தட்டினார். ரொஷெல் ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு பதினாறுக்குள் போனாள்.

டாக்டர் ஹௌகன் என் பக்கம் திரும்பினார். "அர்வித், உங்களுக்கு இது ரெண்டாவது. தெரியும்ல?"

தெரியும். கையில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"தெரியும் டாக்டர். இன்னொண்ணும் இருக்கு. நான் திங்கட்கிழமை போட்ட கையெழுத்து பொய். லெனோர் அன்னிக்கு இந்த மாடியில இல்ல. நான் இருந்தேன், தம்ளரைப் பார்த்தும் நிறுத்தல. அதை எழுதிக் கொடுக்கறேன்."

எனக்குப் பின்னால் படிக்கட்டுக் கதவு திறந்தது. லெனோர் நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. மூச்சு வாங்கியது. யார் முகத்தையும் பார்க்காமல் நேராகச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகைக்குப் போனாள். அந்தந்த மாடியில் அன்று யார் பணியில் இருக்கிறார்கள் என்று எழுதும் பலகை அது. 'பயிற்சி ஆசிரியை' என்ற வரிக்கு நேரே இத்தனை மாதமாக இரண்டு மாடியிலும் அவள் பெயர்தான் இருக்கும். மூன்றாம் மாடிப் பலகையிலிருந்த தன் பெயரை உள்ளங்கையால் அழித்தாள். 'யாரும் இல்லை' என்று எழுதினாள்.

"லெனோர், உங்க ஒப்பந்தம்..." என்று டாக்டர் ஹௌகன் தொடங்கினார்.

"மே மாசம் முடியுது. இப்பவே முடிஞ்சாலும் சரிதான்" என்றாள் லெனோர். "எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல டாக்டர். என் பேரைச் சொல்லிக் கத்தினா அந்தப் பொண்ணு."

அன்று பதினான்கில் பதின்மூன்று பேருக்கும் ஆப்சென்ட் விழுந்தது. பதினான்காவது பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. மார்லிஸ் பட்டியலிலேயே இல்லை. எங்களில் மூன்று பேருக்கு அது இரண்டாவது. ரொஷெலுக்கும் மற்ற இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம். மூன்று மணி வரை இருந்து, எல்லாரையும் குளிப்பாட்டி, புரட்டி, ஊட்டி, எழுதவேண்டியதை எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். அந்த மாடியில் அன்று எழுதாமல் விட்டது எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. கல்லூரியின் இரண்டாம் மாடியில், கதவுக்கு வெளியே ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மார்லிஸ் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். விமானத்தில் போடுகிற நீலக் கோட்டை விட்டால் அவளிடம் நல்ல உடை வேறில்லை, அதைத்தான் போட்டிருந்தாள். நாங்கள் படியேறி வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"பைத்தியமா உங்களுக்கு? வீட்டுக்குப் போங்க. அர்வித், உங்க படிப்பு..."

"போனது போச்சு. சண்டையே வராம மில்லை மூடினாங்க. இது எவ்வளவோ மேல்" என்றேன். நான் எதிர்பார்க்கவில்லை, அவள் சிரித்துவிட்டாள், உடனே அழுதாள்.

"நான் உள்ள போய் முதல்ல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். அதை மாத்தச் சொல்லி யாரும் கேக்காதீங்க" என்றாள்.

"கேக்கல" என்றாள் ரொஷெல்.

கதவு திறந்தது. ஒரு குமாஸ்தா தலையை நீட்டி, நடைவழி முழுக்க நிற்கிற ஆட்களைப் பார்த்துத் திகைத்தார். பதின்மூன்று மாணவர்கள், உதவியாளர்கள் மூன்று பேர், லெனோர்.

"மார்லிஸ் ட்வெய்ட் மட்டும்."

மார்லிஸ் உள்ளே போனாள். நீளமான மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"ஓர்வில் ஸ்டென்மனுக்குத் தண்ணி கொடுத்தது நான்தான்" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "அட்டையைப் படிச்சிருந்தேன். தெரிஞ்சிருந்தும் கொடுத்தேன். அதை நான் மறுக்க வரல."

குமாஸ்தா கதவைச் சாத்தப் போனார். ரொஷெல் உள்ளங்கையை விரித்துக் கதவில் வைத்தாள். நூற்றிருபது கிலோ மனிதர்களைப் பதினெட்டு வருஷமாகப் புரட்டிய கை. கதவு நகரவில்லை.

"இதுக்கு அடுத்ததை நான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள். அவள் பின்னால் லெனோர் போனாள். அடுத்து ஹோதான். நான் உண்மையை எழுதிக் கொண்டுவந்திருந்த காகிதத்தைப் பிரித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன்.